போர்டில் யார் படம் என்பதற்கு முன், பில் யார் பெயரில் என்று கேளுங்கள்

அரசு விளம்பரத்தில் யார் யார் படம் வரலாம் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. முதலில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி மட்டும். மாநிலங்கள் மறுசீராய்வு கேட்டதும் 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அந்தத் துறை அமைச்சர் ஆகியோரும் சேர்ந்தார்கள். உள்ளாட்சி விளம்பரங்களும் இதற்குள் வரும். ஆகவே பேரூராட்சிக் காசில் வைத்த போர்டில் சேர்மனும் கவுன்சிலரும் கும்பிடு போட்டு நிற்க இடமில்லை. பின்னணி இவ்வளவு போதும்.

புகார்கள் செத்துப்போவது ஒரே இடத்தில்தான்: "அது கட்சிக்காரங்க வச்ச ஃப்ளெக்ஸ் சார்." சொந்தக் காசில் வைத்த ஃப்ளெக்ஸுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போட்டோவோடு புகார் கொடுத்தார். இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் வவுச்சர் நகல் வாங்கினார். 'குடிநீர் விழிப்புணர்வு' என்ற தலைப்பில் அதே போர்டுக்குப் பணம் போயிருந்தது.

அதனால் முதலில் பில். மனுவில் "ஏன் வைத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விளம்பர ஆணை, பில், வவுச்சர், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். அதையே மத்திய அரசு அலுவலகத்துக்கு ஒட்டினால் மனு திரும்பி வரும். அங்கே போஸ்டல் ஆர்டர்தான்.

"இது எங்க செக்‌ஷன் இல்ல" என்றால் அலைய வேண்டாம். 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, பிரிவு 6(3). 30 நாள் கடந்தும் பதில் இல்லையா? "புதுசா ஒரு மனு எழுதிக் குடுங்களேன்" என்பார்கள். எழுதாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள். புது மனு கொடுத்தால் நாள் கணக்கு முதலிலிருந்து ஓடும், மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு கைவிட்டுப் போகும். கெடு தாண்டிக் கொடுக்கும் நகலுக்குக் கட்டணமும் கிடையாது. கேட்டால் பிரிவு 7(6)ஐக் காட்டுங்கள்.

திட்டத்தின் பெயரில் தலைவர் பெயர் இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். 'உங்களுடன் ஸ்டாலின்' வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மனுதாரருக்கே 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. அலுவலகச் சுவரில் மாட்டிய படமும் விளம்பரம் ஆகாது.

பில் கைக்கு வந்ததும், அரசு விளம்பரங்களைக் கண்காணிக்கும் மூவர் குழுவுக்குப் புகார் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால், எந்தப் பேரூராட்சி மேல் புகாரோ அதே பேரூராட்சிக்கே 'தக்க நடவடிக்கைக்காக' வந்து சேரும். குழுவும் வேகமானது அல்ல. டெல்லி அரசின் விளம்பரங்கள் பற்றி 2016இல் அது போட்ட உத்தரவின்மேல், 97 கோடி ரூபாயை அப்போது ஆண்ட ஆம் ஆத்மி கட்சியிடம் வசூலிக்க டெல்லி துணைநிலை ஆளுநர் சொன்னது 2022 டிசம்பரில். அதுவரை தாங்குகிற மாதிரி பத்திரிகைப் பக்கத்தை முழுசாக எடுத்து வையுங்கள். போர்டு என்றால், கழற்றுவதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி போட்டோ. பதிவுத் தபால் ரசீதையும் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.