‘எல்லாம் கிடைக்கும்’ பலகையைக் கழற்றிய கடைக்காரர்

வங்கிக் கடன் விண்ணப்பங்களில் ‘வியாபார மூலோபாயம்’, அதாவது வியாபார உத்தி, என்று ஒரு கட்டம் இருக்கும். ஹட்டனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் தொழிலில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறேன். அந்தக் கட்டத்தைத் தாமே நிரப்பிக்கொண்டு வந்த ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. “நல்லபடியாகச் செய்வோம் என்று ஏதாவது எழுதிவிடுங்கள் தம்பி” என்பார்கள். நானும் ஏதாவது எழுதித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். வங்கியிலும் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கட்டத்துக்குள் உண்மையில் என்ன எழுத வேண்டும் என்பதை எனக்குக் காட்டித்தந்தவர், தோட்டச் சந்தி ஒன்றில் சில்லறைக் கடை வைத்திருக்கும் பெரியவர்.

அவர் வந்தபோது கையிலிருந்த துணிப்பையில் மனைவியின் நகைகள் இருந்தன. மறுநாள் அடகு வைப்பதாக முடிவு. பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடத் தூரத்தில், டவுனில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். அதற்கு ஈடுகொடுக்கக் குளிர்பெட்டி வாங்க வேண்டும், சாமான் வகைகளைக் கூட்ட வேண்டும், விலையையும் அவர்களுக்குச் சமமாகக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். “அங்கே இருப்பதெல்லாம் என்னிடமும் இருந்தால் சனம் ஏன் டவுனுக்குப் போகப்போகிறது?” என்று கேட்டார். ஏற்கெனவே கடை முகப்பில் ‘எல்லாம் கிடைக்கும்’ என்று பெயின்டில் எழுதிய பலகை தொங்கியது.

நகையை வீட்டில் வைத்துவிட்டு, கடன் கொப்பியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

மறுநாள் இரண்டு கொப்பிகளோடு வந்தார். எழுபத்தொரு குடும்பங்கள். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம். அதுவரை எழுதிக்கொண்டே போவார்கள். சிலருடைய பக்கங்களில் போன வருடத் தீபாவளிப் பாக்கி அப்படியே இருந்தது. பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அவர் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொன்னார்: இவருடைய மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அந்த அம்மா இப்போது பேருக்கு (தோட்டத்து நாள் வேலைக்கு) போவதில்லை, இவர்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டே போய்விட்டார்கள். எந்த சூப்பர் மார்க்கெட்டின் கணினியிலும் இல்லாத தகவல் இது. அது பணமாகாமல் கொப்பிக்குள் கிடந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு வெற்றுத்தாளில் சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டோம். கோதுமை மா, அரிசி, சீனி, பருப்பு ஆகியவற்றில் 1 இலட்சம் ரூபாயைப் போட்டால் அவருக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய்தான் நிற்கும். ஆனால் அந்தச் சரக்கு நான்கு நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். கையில் காசு வந்து மறுபடி சரக்கெடுத்தால், ஒரே 1 இலட்சம் மாதத்தில் ஏழு முறை சுற்றும். இலாபம் 28,000 ரூபாய். அதே பணத்தை வாசனைச் சவர்க்காரம், ஷாம்பூ, விளையாட்டுச் சாமான் என்று போட்டால் நூற்றுக்கு இருபத்தைந்து நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. விற்றுத் தீர மூன்று மாதம் ஆகும் என்றால் மாதத்துக்கு 8,333 ரூபாய்தான்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்படியானால் மாவிலும் அரிசியிலும் எனக்கு 28,000 வரவேண்டுமே, எங்கே?” என்றார். கொப்பியைக் காட்டினேன். முழுவதையும் கடனுக்கு விற்றால் அந்தப் பணம் ஏழு முறை சுற்றாது. 10ஆம் திகதிக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். 28,000 என்பது 4,000 ஆகிவிடுகிறது. மீதி 24,000 ரூபாயை எந்த சூப்பர் மார்க்கெட்டும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

பெரிய கடையின் பலம் விலையில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் பலம் நாட்களில் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் காசை அன்றே வாங்கிவிடுகிறது. சரக்குக் கொடுத்தவருக்கு வாரக்கணக்கில் கழித்துத்தான் கொடுக்கிறது. நம் சில்லறைக் கடை மொத்த வியாபாரிக்குக் கைக்காசோ பின்திகதியிட்ட காசோலையோ கொடுத்துவிட்டு, விற்ற காசுக்கு மாதம் முழுவதும் காத்திருக்கிறது. இந்த நிலையில் விலையையும் குறைத்துப் போட்டிக்கு நிற்பது, முழங்கால் வலியோடு அஞ்சல் ஓட்டத்தில் இறங்குவது போல.

குளிர்பெட்டி வாங்கவில்லை. கடனை நிறுத்தவும் இல்லை. கடன்தான் அவருடைய ஆயுதம். மா, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஆகிய நான்குக்கு மட்டும் கடன், வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை, 10ஆம் திகதி மாலைக்குள் தீர்த்தால் மட்டுமே புதுப் பக்கம். மற்ற எல்லாம் கைக்காசு. மூன்று மாதமாக அசையாத சாமான்களை வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டார். காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்தார். கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொடுக்க மனைவியும் அடுப்படியில் இறங்கினார். டவுன் கடை எட்டரைக்குத்தான் திறக்கும். அங்கே போய்வர பஸ் காசும் போகும், பாதிநாள் வேலையும் போகும்.

முதல் மூன்று மாதம் மோசமாகத்தான் இருந்தது. பதினொரு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயின. மொத்த விற்பனை குறைந்தது. அவர் எனக்கு இரவில் தொலைபேசி எடுத்துத் திட்டவும் செய்தார். நான்காம் மாதம் மொத்த வியாபாரிக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுக்காமல் முதன்முறையாகச் சரக்கெடுத்தார். பலகையைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் ‘காலை 5.30 முதல்’ என்று எழுதி மாட்டியது அவருடைய யோசனை, என்னுடையது அல்ல.

மைக்கேல் போர்ட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980இல் இதை மூன்று வழிகளாகப் பிரித்துச் சொன்னார்: மற்றவரைவிடக் குறைந்த செலவில் நடத்து, அல்லது மற்றவரிடம் இல்லாததைக் கொடு, அல்லது ஒரு சிறு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு மட்டும் சிறப்பாகச் செய். மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கப் போகிறவர் நடுவில் மாட்டிக்கொள்வார் என்றும் எச்சரித்தார். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் நிற்கின்றன. உத்தி என்றவுடன் புதிதாக என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம். எதைக் கைவிடுவது என்று யோசிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த மலைகளே அப்படியொரு கைவிடலில் உருமாறியவைதான். ஒரு காலத்தில் இங்கே நின்றது கோப்பி. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றியது; அடுத்த இருபது ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. சிலர் காய்ச்சல் மருந்துக்குப் பட்டை தரும் சிங்கோனா மரத்துக்குப் பாய்ந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததால் அதன் விலையும் விழுந்தது. ஆனால் நோய் வருவதற்கு முன்பே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை பத்தொன்பது ஏக்கரில் தேயிலை வைத்துப் பார்த்திருந்தார். இழந்தாலும் தாங்கக்கூடிய அளவு. அந்தச் சிறு சோதனை கையில் இருந்ததால்தான் திரும்ப ஒரு வழி இருந்தது. 1890இல் வந்த பிரித்தானிய மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் தோட்டங்களையே வாங்கி, இடைத்தரகர்களைத் தவிர்த்து, பொட்டலமாகத் தன் கடைகளில் விற்றார். இந்த உத்திகளின் செலவைத் தங்கள் முதுகில் சுமந்தவர்கள் யார் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

தனிமனிதருக்கும் இதே கணக்குத்தான். 2022 நெருக்கடியில், எரிபொருள் வரிசைக்குப் பிறகு க்யூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எண்ணெய் வாங்கும் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு ஆரம்பத்தில் வாரம் 5 லீற்றர்தான் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் அந்த 5 லீற்றரைக் கொண்டு மலைப்பாதையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து பார்த்தார்: ஏறத்தாழ 100 கிலோமீற்றர். ஸ்டாண்டில் நின்று வருகிறவருக்கெல்லாம் ஓடினால் பாதி எண்ணெய் வெறும் வண்டி திரும்புவதில் போகும். ஆகவே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் முதியவர்கள் நான்கு பேரை ஒரே நாளில் ஒரே பாதையில் சேர்த்தார்; திரும்பும்போது அவர்களுக்கான மருந்தும் சாமானும். மற்ற ஹயர்களுக்கு மாட்டேன் என்றார். ஸ்டாண்டில் அவருக்குக் கெட்ட பெயர். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, லீசிங் தவணை தவறாமல் வண்டியைக் காப்பாற்றிக்கொண்ட சிலரில் அவரும் ஒருவர்.

மரக்கறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போன போகம் லீக்ஸ் நல்ல விலைக்குப் போனது என்று இந்தப் போகம் கந்தப்பளையிலிருந்து வெலிமடை வரை எல்லோரும் லீக்ஸ் வைத்தால், தம்புள்ளைச் சந்தைக்கு லொறி போய்ச் சேரும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிலத்தை மூன்றாகப் பிரித்து மூன்று வார இடைவெளியில் நடுவதற்குப் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

கடன் வாங்குகிறவர்கள் வட்டியை மட்டும் கேட்கிறார்கள். தவணை எப்போது என்று கேளுங்கள். மாதச் சம்பளக்காரர்களிடம் விற்கும் ஒரு பெண் வாரத் தவணைக் கடன் எடுத்தால், மாதத்தில் மூன்று வாரம் அவர் வேறொரு கடனை எடுத்துத்தான் இதைக் கட்ட வேண்டும். என்னிடம் வந்த கடன் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கிழமைக்கும் மாதத்துக்கும் இடையிலான இடைவெளியில் விழுந்தவை. சிவனொளிபாதமலைப் பருவத்தை நம்பி நல்லதண்ணியில் கடை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை வரும் காசு, மழை மாதங்களின் தவணையையும் கட்ட வேண்டும்.

சந்திக் கடைப் பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். தோட்டத்தில் சம்பளத்தை இனி வங்கிக் கணக்கில் போடப்போகிறார்களாம். சனம் டவுனுக்குப் போய் இயந்திரத்தில் காசை எடுக்கும். எடுத்த கையோடு பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழையும். 10ஆம் திகதி மாலை தன் கடை வாசலுக்கு வரவேண்டிய காசு அங்கேயே கரைந்துவிடும் என்பது அவருடைய பயம். வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. “இந்தமுறை நகையைக் கொண்டுவரவில்லை” என்று சிரித்தார். வருகிற சம்பள நாளன்று காலையில் வங்கிக்கு எதிரே போய் நின்று, யார் யார் காசை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடக்கிறார்கள், திரும்பும் பஸ்ஸில் எந்தப் பையோடு ஏறுகிறார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.