வால் கனத்தால் விமானம் வசப்படாது

கேளம்பாக்கம் தாண்டி நாங்கள் பழகும் திடலில், ஒரு ஞாயிறு காலை. கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து சன்போர்டில் (நுரை அட்டையில்) கட்டிய, ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி விமானத்தைக் கொண்டுவந்திருந்தார். நான் இன்னொருவரின் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அண்ணா, சும்மா ஒரு தடவை விட்டுப் பாக்குறேன்” என்ற குரல் கேட்டுத் திரும்புவதற்குள் விமானம் அவர் கையை விட்டுப் போயிருந்தது. மூக்கைத் தூக்கியது, மேலும் தூக்கியது, கிட்டத்தட்ட செங்குத்தாக நின்று இடப்பக்கம் புரண்டு தரையில் குத்தியது. நான்கு விநாடிகூட இருக்காது.

“சிக்னல் கட் ஆயிடுச்சுண்ணா. நான் டவுன் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்றார். ஆர்சி விமானம் கட்டவும் ஓட்டவும் கற்றுத்தருவது என் தொழில். முதல் பறத்தலில் விழும் விமானங்களுக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சிக்னல், சர்வோ (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்) அல்லது காற்றுதான். துண்டுகளைப் பொறுக்கி எடை போட்டால் வேறு கதை தெரியும்.

அன்றும் போட்டோம். அவர் பின்பற்றிய வரைபடம் 180 கிராம் பேட்டரிக்கானது. கையில் இருந்த காசுக்கு அவர் வாங்கியது 90 கிராம் பேட்டரி. எடை குறைந்தால் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறார். அந்த பேட்டரி உட்காரும் இடம் சிஜிக்கு, அதாவது எடை மையத்துக்கு, 15 செ.மீ. முன்னால். குறைந்துபோன 90 கிராமை 15ஆல் பெருக்கினால் 1350. வாலில் விரிசல் விட்ட இடத்தில் எபாக்சி பசை பூசியதில் 10 கிராம் கூடியிருந்தது. அது 60 செ.மீ. பின்னால் இருப்பதால் இன்னொரு 600. மொத்தம் 1950. இதை விமானத்தின் எடையான 800 கிராமால் வகுத்தால், சிஜி ஏறக்குறைய இரண்டரை செ.மீ. பின்னுக்குப் போயிருக்கிறது. அவருடைய இறக்கையின் அகலமே, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 20 செ.மீ.தான்.

முன்விளிம்பிலிருந்து அந்த அகலத்தில் 25 முதல் 30 சதவீதம் வரையிலான இடத்தில் சிஜி இருந்தால் வழக்கமான பயிற்சி விமானம் அடக்கமாகப் பறக்கும். 20 செ.மீ. இறக்கை என்றால் 5 முதல் 6 செ.மீ. வரை. இந்த ஒரு செ.மீ. இடைவெளிக்குள்தான் உங்கள் மூன்று வார உழைப்பு தொங்குகிறது. (வாலில்லாத ஃப்ளையிங் விங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குச் சிஜி இன்னும் முன்னால், 15 முதல் 20 சதவீதத்தில் இருக்க வேண்டும். இறக்கை பின்சாய்ந்திருந்தால் சராசரி அகலத்தைக் கணக்கிட்டு அதில்தான் அளக்க வேண்டும்.)

ஏன் இவ்வளவு கறார்? சிஜி சரியான இடத்தில் இருக்கும்போது, காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கினாலும் இறக்கையும் வாலும் சேர்ந்து அதைத் தானாகவே கீழே இறக்கிவிடும். சிஜி ஓர் எல்லைக்கு மேல் பின்னால் போய்விட்டால், தூக்கிய மூக்கு மேலும் தூக்கிக்கொள்ளும். நம் விரல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்குப் பின்னால்தான் ஓடும். மூக்கு கனமாக இருந்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், வேகமாகத் தரையிறங்கும், ஆனால் முழுதாகத் திரும்பி வரும். அதனால் முதல் பறத்தலுக்குச் சந்தேகம் இருந்தால் ஐந்து மி.மீ. முன்னால் வையுங்கள்.

பேலன்ஸ் பார்க்கும்போது விமானம் பறக்கப்போகும் அதே கோலத்தில் இருக்க வேண்டும். ப்ரொப்பல்லர், சக்கரம், ரிசீவர், பேட்டரி மூடி எல்லாம் அதனதன் இடத்தில். பேட்டரியை வைத்தால் போதும், இணைப்பைச் சொருகாதீர்கள். மோட்டார் எதிர்பாராமல் சுற்றினால் விரல் போகும். எரிபொருள் எஞ்சின் என்றால் டேங்க் காலியாக இருக்கட்டும். டேங்க் முன்னால் இருப்பதால் எரிபொருள் தீரத் தீர வால் கனக்கும். தரையிறங்கும் நேரத்து நிலைதான் ஆபத்தானது. மேல் இறக்கை விமானத்தை நிமிர்த்தியும் கீழ் இறக்கை விமானத்தைக் கவிழ்த்தும் பார்க்க வேண்டும்.

இறக்கையின் அடியில் (கவிழ்த்துப் பார்ப்பதென்றால் மேற்புறத்தில்), உடலுக்கு இருபுறமும் சிஜி இடத்தைப் பேனாவால் கோடிட்டுக்கொள்ளுங்கள். முனையில் ரப்பர் உள்ள இரண்டு பென்சில்களை ஒரு பலகையில் செங்குத்தாக நட்டால் நல்ல தாங்கி கிடைத்துவிடும். கோடுகள் அந்த ரப்பர் மேல் உட்கார வேண்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் ஐந்து நிமிடம் வேர்க்கும், பரவாயில்லை. ஓடும் விசிறிக்குக் கீழே பார்த்த பேலன்ஸை நான் நம்புவதில்லை. விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகச் சாய்ந்தோ நிற்க வேண்டும்.

நிற்கவில்லையா? முதலில் பேட்டரியை நகர்த்துங்கள், பிறகு ரிசீவரை. அதன் பிறகுதான் ஈயம். புதுப்பேட்டையில் கார் சக்கரத்துக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் வெயிட்டுகள் கிடைக்கும். மூக்கில் ஒட்ட அவை கச்சிதம். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று நான்கு கிராம் சேர்க்க வேண்டிவரும் என்பதால், வாலில் பசையைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். பக்கவாட்டையும் பாருங்கள்: மூக்கின் நடுவையும் வாலின் நடுவையும் பிடித்துத் தூக்கினால் கனத்த இறக்கை தாழும். எதிர்ப்பக்க நுனியில் ஒரு சின்ன வெயிட் போதும்.

சரியானதும் பேட்டரி உட்கார்ந்த இடத்தில் கோடு போட்டு, வெல்க்ரோவோடு ஸ்ட்ராப்பும் கட்டுங்கள். ஏறும்போது பேட்டரி பின்னால் வழுக்கினால் பார்த்த பேலன்ஸ் அத்தனையும் வீண்.

கோடையில் மதியவாக்கில் கடற்காற்று எழும். முதல் பறத்தலைக் காலை ஏழு மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊர் இது. திடலைத் தேர்ந்தெடுக்கும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

காற்றுக்கு எதிராக மட்டமாக எறியுங்கள். எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை, தொட்டாலே விமானம் துள்ளுகிறது என்றால் வால் கனம்: வேகத்தைக் குறைக்காமல், பெரிய திருப்பம் எடுத்து உடனே இறக்கிவிடுங்கள். மட்டமாகப் பறக்க எலிவேட்டரை எப்போதும் மேலே பிடித்திருக்க வேண்டியிருந்தால் மூக்கு கனம். அடுத்த முறை பேட்டரியை மூன்று நான்கு மி.மீ. பின்னால் தள்ளுங்கள், கோட்டையும் புதிதாகப் போடுங்கள். அந்த மாணவரின் இரண்டாவது விமானத்தில் அப்படி நான்கு கோடுகள் இருக்கின்றன. இப்போது அவர் பறப்பது மூன்றாவது கோட்டில்.