கேபிளைப் பிடுங்கும் முன்

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகுகிறோம். விளக்கு எரிகிறது, உள்ளே 'டிக்... டிக்' என்று சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. டிஸ்க் போயே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். முதலில் மின்சாரம் போதுகிறதா என்று பாருங்கள்.

சட்டைப்பைக்குள் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க், தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் அந்த ஒரே கேபிளில்தான் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரும், 3.0 போர்ட் 900 வரை. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது போதும். டிஸ்க்கின் உள்ளே நின்றிருக்கும் வட்டத் தட்டை நிமிடத்துக்கு 5400 சுற்றுக்குக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில்தான் பசி அதிகம். நீளமான மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கினால் தட்டு சுழலப் பார்க்கும், திணறி நிற்கும், மறுபடி முயலும். சத்தம் அதனாலும் வரலாம். இடையில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) இருந்தால் கழற்றிவிட்டு, டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் குட்டைக் கேபிளால் மாட்டிப் பாருங்கள். அப்படியும் டிக் டிக் நிற்கவில்லையா? திரும்பத் திரும்பச் செருகாதீர்கள். தட்டில் தரவைப் படித்து எழுதும் முள் பழுதாகியிருந்தால் ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும்.

கழற்றும்போது வேறு சிக்கல். லினக்ஸ் கணினியிலிருந்து ஒரு கல்யாண வீடியோவை பென் டிரைவில் ஏற்றினேன். காப்பி முடிந்தது என்று திரை சொன்னதும் பிடுங்கிவிட்டேன். வீட்டில் திறந்தால் பெயர் இருக்கிறது, அளவும் சரி, தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்து நிற்கிறது. வேகத்துக்காக கணினி தரவை முதலில் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிவைத்து, 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக டிரைவில் எழுதுகிறது. கழற்றும் முன் திரையில் கொடுக்கும் எஜெக்ட் என்பது 'மிச்சத்தையும் இப்போதே எழுதி முடி' என்கிற கட்டளை. விண்டோஸ் 10, 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து, இந்தத் தேக்கத்தை வெளி டிரைவ்களுக்கு இயல்பாகவே நிறுத்திவைத்திருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு கெடத்தான் செய்யும். 'டிரைவ் பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தால், திறந்திருக்கும் கோப்புகளை மூடுங்கள்; மசியவில்லையென்றால் கணினியையே அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் இன்னொன்றும் உண்டு. தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கான இடைவெளியில் முள் மிதக்கிறது. திடீரென்று மின்சாரம் போனால், சுழலும் தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, முள்ளை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்கிறது டிஸ்க். அருமையான ஏற்பாடு, ஆனால் ஆபத்துக்கென்று வைத்தது. எஜெக்ட் கொடுத்தபின் டிஸ்க்கின் மேல் விரலை வையுங்கள். மெல்லிய அதிர்வு பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கும். அதன் பிறகு கேபிளைக் கழற்றுங்கள்.