மூன்று நாள் நானோ சொட்டு, நான்காம் நாள் என் மேசையில்

நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயோடு இந்த மாதத்தில் என்னிடம் வந்த நான்காவது குட்டி இது. வியாசர்பாடியிலிருந்து ஒரு தாயும் பள்ளிச் சீருடையில் மகனும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி. வாந்தி, ரத்தக்கழிச்சல், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது, உடலில் நீர் வற்றியதன் அடையாளம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இணையத்தில் 600 ரூபாய்க்கு வாங்கிய 'நானோ வெள்ளி' சொட்டு மருந்தை எடுத்து வைத்தான் பையன்.

"துகள் மிகவும் சிறியதாம், டாக்டர். கிருமிக்குள்ளேயே போய்க் கொன்றுவிடுமாம். பக்கவிளைவே கிடையாதாம்."

அன்றிரவு குட்டி இறந்துவிட்டது.

இந்தச் 'சிறியது' என்ற சொல்தான் என்னை வாட்டுகிறது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பார்வோ வைரஸே ஏறக்குறைய 25 நானோமீட்டர்தான். சிறியதாக இருப்பதால் அது சாதுவாகிவிட்டதா? துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடை வெள்ளியின் மேற்பரப்பு பெருகுகிறது, வினையும் கூடுகிறது. புண்ணுக்குப் போடும் கட்டுத்துணியில் பாக்டீரியாவை அது அடக்குவது இதனால்தான். வாய்வழியே உள்ளே போனால் உடலின் சொந்தச் செல்களையும் அது சும்மா விடாது. கல்லீரலில் படியவும் செய்யும். மேலே பூசுவது வேறு, வாயில் ஊற்றுவது வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-லேயே, கடைகளில் விற்கும் கூழ்ம வெள்ளி (திரவத்தில் மிதக்கும் நுண் வெள்ளித் துகள்) மருந்துகளைப் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று ஏற்க முடியாது என அறிவித்துவிட்டது.

பார்வோவில் குட்டியைச் சாய்ப்பது நீரிழப்பும், புண்ணான குடல் வழியே ரத்தத்தில் ஏறும் பாக்டீரியாவும். சலைன் ஏற்றியிருக்க வேண்டிய மூன்று நாள் அந்தச் சொட்டு மருந்தோடு போய்விட்டது.

நானோ நுட்பத்தின் மேல் எனக்குப் பகையில்லை. பார்வோவைக் கண்டறியும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு தங்க நானோ துகள்களால் ஆனதுதான். ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லியை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்பு குறைகிறது. அளவும் வழியும் சோதித்து வகுத்த மருந்துகள் அவை. மாடுகளின் மடிநோய்க்கு நானோ மருந்துகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. மாதவரம், கொடுங்கையூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களே, இந்தச் சொட்டைக் காம்புக்குள் ஏற்றிவிடாதீர்கள். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை விடாமல் போடுங்கள். ஒரு தவணை போட்டாயிற்று என்று நிறுத்தாதீர்கள். வாந்தியோடு கழிச்சல் கண்டால் அன்றே தூக்கிவாருங்கள். செலவுக்கு அஞ்சினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தயவுசெய்து. நோய்கண்ட குட்டி கிடந்த தரையைக் கழுவப் பினாயில் போதாது; ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

வேறு குட்டி வளர்க்கலாமா என்று மறுநாள் அந்தப் பையன் வந்து கேட்டான். வளர்க்கலாம், ஆனால் வைரஸ் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கும். தடுப்பூசித் தவணைகள் முழுவதும் முடிந்த நாயைத்தான் உள்ளே விட வேண்டும் என்றேன். தவணைத் தேதிகளை அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.