நெல் மில்லுக்குப் பக்கத்துக் கிணறு

ஒரு தொன் நெல்லை அவித்துக் குத்தினால் ஏறத்தாழ 200 கிலோ உமி வரும். அந்த உமியைப் பொயிலரில் எரித்தால் 40 கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும். நெல் ஊறிய தண்ணீர் ஆயிரம் லீற்றர் அளவில் கழியும். காலபோக நெல் வந்து வன்னி மில்கள் இரவுபகலாக ஓடும் மாசி, பங்குனியில் இவை எங்கே போகின்றன என்று பாருங்கள். ஒழுங்கில்லாத மில்லில் தண்ணீர் வாய்க்காலுக்கும், சாம்பல் தறப்பாள்கூட மூடாமல் பின்வளவுக்கும் போகும். பின்வேலிக்கு அந்தப்பக்கம், மீள்குடியேறிய சனத்தின் காணியும் கிணறும்.

ஊறல் தண்ணீர் கடும் நஞ்சல்ல. ஆனால் நெல்லிலிருந்து கரைந்த சத்து ஓரிரு நாளில் புளித்து நாறும். தேங்கிய இடத்தில் ஒட்சிசனைத் தின்றுவிடும். சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. இலேசான தூள், நெஞ்சுக்குள் போகும்.

"மணக்குது, புகை வருகுது" என்று எழுதும் முறைப்பாடு நிற்காது. பரிசோதகர் பகல் பதினொரு மணிக்கு வருவார்; நெல் ஊறிய தாங்கியைத் திறந்துவிடுவது இரவில். ஆகவே இரண்டு கிழமை தொடர்ந்து ஒரு கொப்பியில் திகதி, தாங்கி திறந்த நேரம், காற்றுப்பக்கம் எழுதுங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் மில்லுக்கு வடகிழக்கு வீடுகளும், வாடை என்ற வடகிழக்குக் காற்றில் தென்மேற்கு வீடுகளும் சாம்பல் வாங்கும். இரவில் கிணற்றுக்கட்டில் வெள்ளைக் கோப்பை ஒன்றை வைத்து, காலையில் படம் எடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும்போது ஒரு போத்தல் போதாது. மில்லுக்கு மேட்டுப்பக்கக் கிணற்றிலும் பள்ளப்பக்கக் கிணற்றிலும் ஒரேநாளில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் "மலசலகூடக் குழியால் வந்தது" என்று முடித்துவிடுவார்கள். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும்.

அடுத்தது, கழிவை வெளியேற்ற மில் எடுத்திருக்க வேண்டிய சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். மில்லின் வகையைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ பிரதேச சபையோ வழங்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் பிரதி, நிபந்தனைகள், முடிவுத்திகதி, பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிபந்தனை கையில் வந்தபின், மீறிய நிபந்தனையின் இலக்கத்தைப் போட்டு முறைப்பாடு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் பொதுத்தொல்லை என்று நீதவானிடம் போகலாம்.

மில்லில் நாட்கூலிக்குப் போகும் வீட்டாரிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். அடுத்தநாள் வேலை இருக்காது. தாங்கி எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.