ஸ்கேலுக்கு 49.5, ராஜாவுக்கு 7

பள்ளியில் பித்தாகரஸ் தேற்றம் நடத்தி முடித்த சமயத்தில் செஸ் வகுப்புக்கு வரும் சில பிள்ளைகள், ராஜாவை மூலைவாட்டில் நகர்த்தத் தயங்குவார்கள். ராஜா ஒரு நகர்வில் எந்தத் திசையிலும் ஒரு கட்டம் போகலாம், மூலைவாட்டிலும்தான். கேட்டால், "அது சுத்து வழி சார்" என்பார்கள்.

5 செ.மீ. கட்டம் உள்ள போர்டை விரித்து, ஸ்கேலைக் கையில் கொடுத்துவிடுவேன். போர்டில் பக்கவாட்டில் ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலே 1 முதல் 8 வரை எண். ஏ1 கட்டத்தின் நடுவிலிருந்து எச்1 நடு வரை 35 செ.மீ. எதிர்மூலையான எச்8 நடு வரை கிட்டத்தட்ட 49.5. சரி, இப்போது ராஜாவை நடத்திப் பார் என்றால், இரண்டுக்குமே 7 நகர்வுதான் ஆகிறது. பக்கவாட்டில் எத்தனை கட்டம், மேலே எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். எது பெரிதோ அதுவே ராஜாவுக்குத் தூரம். 3-ம் 4-ம் என்றால் கணக்கு நோட்டில் விடை 5, போர்டில் 4. செபிஷேவ் தூரம் என்று இதற்குப் பெயர்கூட உண்டு. பிள்ளைகளிடம் நான் அதைச் சொல்வதில்லை, பெயரை மனப்பாடம் செய்துகொண்டு கணக்கை விட்டுவிடுவார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதில் வியப்பு எதற்கு? மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில், மேலமாசியும் தெற்குமாசியும் சேரும் முக்கிலிருந்து எதிர்முக்குக்குக் காகம் கோயிலுக்கு மேலே பறந்து போய்விடும். நாம் இரண்டு வீதி முழுக்க நடந்தாக வேண்டும். இடம் ஒன்று, தூரம் வேறு.

ஆட்டத்தில் பாயிண்ட் போவது, காய்கள் குறைந்து ராஜா நடக்கத் தொடங்கும் இறுதிப் பகுதியில்தான். பின்னால் நிற்கும் அப்பாக்கள் "நேரா போடா" என்று முணுமுணுப்பார்கள் (போட்டி அரங்கில் அது கூடாது, அது தனிக்கதை). இ1-லிருந்து இ8-க்கு 7 நகர்விலேயே போய்ச்சேர ராஜாவுக்கு 393 வழிகள் இருக்கின்றன. நேர்வழி அதில் ஒன்று, அவ்வளவுதான்.

செஸ் மாஸ்டர் ரிச்சர்ட் ரெட்டி 1921-ல் அமைத்த புதிரைப் போர்டில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளையின் முறை, டிரா செய்ய வேண்டும். சிப்பாய் எதிர்க்கோடிக்குப் போய்விட்டால் ராணியாகிவிடும்; வெள்ளைச் சிப்பாய் மேலே போகும், கறுப்புச் சிப்பாய் கீழே வரும். எச் சிப்பாயை நேரே துரத்தினால் இரண்டு நகர்வு பின்தங்கிவிடும். அதனால் ராஜா ஜி7, எஃப்6 என்று சரிவாக இறங்குகிறது. துரத்தலில் இதனால் ஒரு நகர்வும் கூடவில்லை, அதே சமயம் தன் சிப்பாய்க்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. கறுப்புச் சிப்பாய் ஓடிக்கொண்டே இருந்தால் ராஜா தன் சிப்பாய்க்குத் துணைபோய் அதையும் ராணியாக்கிவிடும். அந்தச் சிப்பாயை வெட்டக் கறுப்பு ராஜா நேரம் செலவழித்தால், எச் சிப்பாய் பிடிபடும். எப்படிப் போனாலும் டிரா.