தூதர், பொறுப்புத் தூதர், துணைத் தூதர்: சொல் விளக்கம்

புதுச்சேரியில் யாரேனும் 'தூதரகம்' என்றால் அது மரீன் வீதியில் உள்ள பிரெஞ்சு அலுவலகம்தான். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பாஸ்போர்ட்டுக்கும், பிறப்பு, திருமணப் பதிவுக்கும் அங்கேதான் போகின்றன. ஆனால் அங்கே தூதர் கிடையாது. பிரான்சின் தூதர் இருப்பது டெல்லியில். புதுச்சேரியில் இருப்பவர் கான்சல் ஜெனரல், அதாவது அயல்நாட்டு ஊர் ஒன்றில் தன் நாட்டுக் குடிமக்களின் அலுவல்களைக் கவனிக்கும் அதிகாரி. நாளிதழ்கள் அவரைத் 'துணைத் தூதர்' என்று எழுதுகின்றன. டெல்லி தூதரகத்தில் தூதருக்கு அடுத்த நிலையில் இருப்பவரும் அதே நாளிதழில் 'துணைத் தூதர்' ஆகிவிடுகிறார். வேறு வேறான இரண்டு பதவிகளுக்கு ஒரே பெயர்.

தூது என்பது வடமொழியின் 'தூத' என்ற சொல்லோடு தொடர்புடையது. தமிழில் மிகப் பழங்காலத்திலேயே ஊன்றிவிட்டது. தலைவன் தலைவியைப் பிரியும் காரணங்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் தூதைச் சொல்கிறது: 'ஓதல் பகையே தூதிவை பிரிவே.' அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போனது புறநானூறு 95ஆம் பாட்டு. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் முழுக்கத் தூதுதான். அதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் தூதரை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். முதலாமவர் இடமும் காலமும் பார்த்துத் தாமே பேச்சை அமைத்துக்கொள்ளும் உரிமை பெற்றவர். இரண்டாமவர் அரசன் சொன்னதைச் சொன்னபடி சேர்ப்பவர். இன்றைய தூதரின் முழுப் பதவிப் பெயரில் 'முழு அதிகாரம் பெற்ற' என்ற அடைமொழி வருகிறதே, அது அந்த முதல் வகைதான். இந்தப் பிரிவினை இவ்வளவு துல்லியமாக நம்மிடமே இருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

'அம்பாசடர்' என்ற சொல்லின் வேர் இன்றைய பிரான்ஸ் இருக்கும் நிலப்பகுதியில் பேசப்பட்ட 'கால்' (Gaulish) என்ற பழைய மொழியில் இருக்கிறது. தலைவனுக்காக ஓடியாடும் ஏவலாளை அது குறித்தது. இலத்தீனில் நுழைந்து 'அம்பாக்டஸ்' ஆகி, இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'கான்சல்' அப்படியல்ல. ஆண்டுக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோமக் குடியரசின் உயர் அதிகாரிகளின் பட்டம் அது. பின்னாளில், அயல்நாட்டுத் துறைமுகங்களில் வணிகர்களின் வழக்குகளைக் கவனித்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. ஆக, கான்சல் என்பவர் பிறப்பிலேயே தூதரின் துணையாள் அல்ல. தனி மரபு, தனி வேலை. 'துணைத் தூதர்' என்ற மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

பழைய தூது போய்த் திரும்புவது. சோழர் அனுப்பிய தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனாவின் சோங் அரசவையை அடைந்தன. காணிக்கை கொடுத்து, பரிசு பெற்று, காற்று திரும்பியதும் கப்பலேறுவதோடு அந்தத் தூது முடியும். வேற்று நாட்டிலேயே வீடு எடுத்துத் தங்கும் தூதர் என்ற ஏற்பாடு 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய நகர அரசுகளில்தான் உருப்பெற்றது. நம் பக்கத்தில் அதற்கு நெருங்கிய சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று தானாபதி, அதாவது ஸ்தானாபதி. கட்டபொம்மனின் தானாபதிப் பிள்ளை பெயரில் அது நிற்கிறது. இலங்கைத் தமிழில் 'உயர் ஸ்தானிகர்' என்று அதன் உறவுச்சொல் இன்றும் வழங்குகிறது. மற்றொன்று வக்கீல். 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் வக்கீல் என்றால் நீதிமன்றத்தில் வாதாடுபவர் அல்லர், நவாபின் சார்பில் பேச வந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் இடறுவார்கள். பிள்ளையே துபாஷி. இரு மொழி அறிந்து, வணிகமும் பேச்சுவார்த்தையும் நடத்தியவர். அவரைத் தூதர் என்பது பிழை.

இன்றைய பதவிகளுக்கு அளவுகோல் தூதுறவு பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. தூதரகத் தலைவர்களை அது மூன்று வகுப்பாக்குகிறது. முதல் வகுப்பான தூதரும், இப்போது அரிதாகிவிட்ட இரண்டாம் வகுப்பும் நாட்டின் தலைவரிடம் அனுப்பப்படுபவர்கள். மூன்றாவது பொறுப்புத் தூதர், அதாவது தூதர் இல்லாத இடத்தில் தூதரகத்தை நடத்துபவர். அவர் அனுப்பப்படுவது வெளியுறவு அமைச்சரிடம்.

தூதரை அமர்த்தும் முறையில் வரிசை முக்கியம். பெயரை வெளியிடுமுன் ஏற்கும் நாட்டின் இசைவைக் கமுக்கமாகக் கேட்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்லக் கடமையில்லை. இசைவு வந்தபின் நியமனக் கடிதம். அதன் படி முதலில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். மூலத்தை இந்தியாவில் குடியரசுத் தலைவரிடம் நேரில் கொடுக்க வேண்டும். பெயர் அறிவித்த நாளிலேயே 'தூதராகப் பதவியேற்றார்' என்று செய்தி எழுதுவது இதனால்தான் தவறு. கான்சலுக்கு இந்தச் சடங்கு இல்லை. ஏற்கும் நாடு தரும் அனுமதி ஆணை போதும். அவருக்குரிய விதிகள் 1963ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கையில் உள்ளன. ஏற்கும் நாட்டின் நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்கும் அவருக்கு அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே.

இந்தச் சொற்களைச் சரியாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால் இந்திய-சீன உறவின் வரலாறு தலைகீழாகப் புரியும். மக்கள் சீனத்துடன் தூதுறவு தொடங்கியது 1950 ஏப்ரல் 1. முதல் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கர். 1958இல் போன ஜி. பார்த்தசாரதி 1961இல் திரும்பினார். அடுத்த தூதராக கே.ஆர். நாராயணன் போனது 1976இல். இடையில் 1962 போர். இதைப் பார்த்து '15 ஆண்டுகள் உறவு முறிந்திருந்தது' என்று எழுதுகிறார்கள். முறியவில்லை. பெய்ஜிங்கிலும் டெல்லியிலும் தூதரகங்கள் திறந்தே இருந்தன, தலைமை மட்டும் பொறுப்புத் தூதரிடம் இறங்கியது. 1970 மே தின விழாவில் மாவோ கைகுலுக்கிப் பேசிய பிரஜேஷ் மிஸ்ரா அப்படிப்பட்ட பொறுப்புத் தூதர்தான். உண்மையில் மூடப்பட்டவை கான்சல் அலுவலகங்கள். ஷாங்காயிலும் மும்பையிலும் அவை மீண்டும் திறக்க 1992 ஆயிற்று. அண்மையிலும் இதே நிலை வந்தது. 2022 அக்டோபரில் சீனத் தூதர் டெல்லியை விட்டுப் போனபின், அடுத்தவர் வந்தது 2024 மே மாதம். அந்த ஒன்றரை ஆண்டும் தூதரகம் இயங்கியது, தூதர் இல்லை. நாற்காலி காலியாக இருப்பது ஓர் அரசு தன் மனக்குறையைச் சொல்லும் வழி. கதவைச் சாத்துவது வேறு.

கான்சல் என்ற பதவியின் எல்லையைப் புதுச்சேரியை வைத்தே விளக்கலாம். 1954க்கு முன் இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. இந்தியா இங்கே கான்சல் ஜெனரலைத்தான் வைத்திருந்தது, ஏனென்றால் தூதர் இருக்க வேண்டிய தலைநகரம் பாரிஸ். கடைசிக் கான்சல் ஜெனரல் கேவல் சிங், 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதும் இங்கேயே தலைமை ஆணையரானார். கைமாற்ற ஒப்பந்தத்தில் பிரான்ஸ் சார்பில் கையெழுத்திட்டவர் டெல்லியிலிருந்த தூதர் ஒஸ்த்ரோரோக். இந்தியா சார்பில் வெளியுறவுச் செயலர் ஆர்.கே. நேரு, இவர் அடுத்த ஆண்டே சீனாவுக்குத் தூதராகப் போனவர்.

காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவர் உயர் ஆணையர். தகுதியில் தூதருக்குச் சமம். 1972இல் பாகிஸ்தான் காமன்வெல்த்தை விட்டது. அதனால் 1976இல் இந்தியாவுடன் தூதுறவு மீண்டபோது இரு பக்கமும் தூதர்களே சென்றார்கள். 1989இல் அது திரும்பச் சேர்ந்தபின் மறுபடி உயர் ஆணையர்.

கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கும் இந்தப் பெயர்கள் உதவும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தேட வேண்டியது இந்திய உயர் ஆணையம். துபாயில் பாஸ்போர்ட் தொலைந்தால் அங்குள்ள கான்சல் அலுவலகம்தான், அபுதாபி தூதரகம் வரை ஓட வேண்டாம். சவூதியில் ரியாத்தில் தூதரகம், ஜித்தாவில் கான்சல் அலுவலகம். வேலை செய்யும் பகுதி எதன் கீழ் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தவறான இடத்துக்கு எழுதிய மனு அங்கிருந்து இங்கே மாறி வருவதற்குள் நாள் போய்விடும்.

எழுதும்போது எங்கள் பரிந்துரை இது. தூதர், உயர் ஆணையர், பொறுப்புத் தூதர் மூன்றும் நிலைத்த சொற்கள், அப்படியே ஆளலாம். தூதருக்கு அடுத்த அதிகாரியைத் 'தூதரகத் துணைத் தலைவர்' என்க. கான்சலைக் 'கான்சல்' என்றே எழுதுக, அலுவலகத்தைக் 'கான்சல் அலுவலகம்' என்க. 'துணைத் தூதரகம்' என்ற வழக்கை விட முடியாத இடத்தில் ஊர்ப் பெயரைச் சேர்த்து, 'புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம்' என்று எழுதினால் டெல்லியோடு குழப்பம் வராது.